மூடின ஷாஃப்டுக்கு ஓடினேன்

தங்கச் சுரங்கம் ஓடின சாம்பியன் ரீப்ஸில் எங்க புத்தர் விகாரில் ஞாயிறு காலை ஒரு சார் வந்து ஜென் தியானம் சொல்லித் தருவார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட வயதில் சின்னவர். அஞ்சாங்கிளாஸ் படித்த எனக்கு அதெல்லாம் ஏறுமா என்று கூச்சம். கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்காருவேன்.

ஞானம் கேட்டு நான் போகவில்லை. என் வீட்டுக்காரருக்கு மைன் தூசு நெஞ்சில் படிந்துபோச்சு. இருமல் பிடித்தால் உதடு நீலமாகும், கண் பிதுங்கும். அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். அடங்கின பிறகுதான் உள்ளே போவேன். பத்து வருஷமாக இப்படி. அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஓடாமல் அவர் பக்கத்தில் இருக்கக் கத்துக்கணும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"மூச்சை மாத்த வேணாம்மா, பாருங்க, போதும்," என்பார் சார். பத்து வரைக்கும் எண்ணச் சொல்வார். எனக்கு நாலைத் தாண்டாது. அதற்குள் காதில் வீட்டுக்காரர் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். சாரிடம் சொன்னேன். "வீட்ல பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரத்தை மட்டும் பாருங்க, அதுவும் தியானம்தான்," என்றார். தெருக்குழாயில் அப்படியே செய்தேன்.

"இன்னாக்கா, சட்டிய அப்பிடி மொறச்சினு கீற? அது இன்னா பண்ணுச்சி உன்ன?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, நாங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது தரை குலுங்கியது. எங்க ஊருக்கு இது புதுசில்லை. மைன் ஓடின காலத்தில் அடியில் பாறை வெடித்தால் மேலே வீடு ஆடும். ஆடின உடனே பொம்பளைங்க எல்லாம் அடுப்பை அப்படியே விட்டு, ஆம்பளைங்க சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்கு ஓடுவோம். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் கூண்டு மேலே வந்ததும், நம்ம ஆள் இருக்காரா என்று இறங்குகிற முகமெல்லாம் பார்ப்போம். மைனை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எப்போதாவது பூமி ஆடும்.

எழுந்து ஓடினேன். செருப்பும் போடவில்லை. என்கூட இன்னும் ரெண்டு கிழவிகள். ஷாஃப்ட் கேட்டில் துருப்பிடித்த பூட்டு, உள்ளே முள்செடி ஆள் உயரத்துக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நாம இன்னாத்துக்குக்கா வந்தோம்?" என்றாள் ஒருத்தி. "என் ஊட்டுக்காரு செத்து ஒம்போது வருசம் ஆவுது."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஆள் கீழே இல்லை, வீட்டில் தனியாகக் கிடக்கிறார்.

போய்ப் பார்த்தால் கட்டிலை விட்டு விழுந்து, சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

"எங்கமே போன?"

"ஷாஃப்டுக்கு."

"நான்தான்... மேல வந்துட்டேனே," என்று சிரிக்கப் போனார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

என் கால் வாசல் பக்கம் திரும்பியது. திரும்புகிறது என்று எனக்கே தெரிந்தது. இத்தனை நாள் அது திரும்பினதை நான் கவனித்ததே இல்லை, வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். நின்றேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகைத் தாங்கிக்கொண்டேன். அந்த இருமல் என் கையிலேயே உதைத்தது. எதையும் எண்ணவில்லை.

"நீ வெளிய போமே," என்றார், மூச்சு கிடைத்த இடைவெளியில். "எனக்குப் பழக்கம்தான்."

போகவில்லை, அவ்வளவுதான்.

மனம் சமமாக இருக்கும் நிலை என்று சார் ஒன்றைச் சொல்வார். அது எனக்கு வந்ததா என்று கேட்டால், வரவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்ளட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அவர் ரெண்டு மாசம்தான் இருந்தார். பத்து வருஷம் தனியாக இருமின மனுஷனுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அந்த ரெண்டு மாசம்.