இருபது அடி ரோடும் இரண்டு மாத்தாவும்

1. வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது

பதினோரு வருஷம் ஒரு கீறல் விழாமல் டிராக்டர் ஓட்டியவன் நான். என் லைசன்ஸ் ஒரே ஒரு பேச்சில் போனது. அந்தப் பேச்சையும் நானேதான் பேசினேன்!

எண்பதுகளில் நடந்த கதை இது. புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் டிராக்டர் டிரைவர். வெட்டிய குலைகளை டிரெய்லரில் ஏற்றி எண்ணெய் மில்லில் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. திருவிழா வந்தால் அதே டிரெய்லரில் தோட்டத்து லயங்களில் குடியிருந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு டவுன் கோயிலுக்குப் போவேன். டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். இரண்டு தடவை மடக்கிச் சம்மன் கொடுத்தார்கள். நான் கேட்கிற ஆளா? மூன்றாம் தடவை இருபத்து மூன்று பேரோடும் ஒரு செட் மேளத்தோடும் பிடிபட்டேன். நேராகக் கோர்ட்டுதான்.

மாஜிஸ்திரேட் மலாயில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இத்தன பேர ஏத்திக்கிட்டுப் போறது ஆபத்துன்னு தெரியாதான்னு கேக்குறாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆபத்தா? என்னங்க பேசுறீங்க? அந்த ரோட்டுல நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்!"

மொழிபெயர்ப்பாளர் நேர்மையான மனிதர். ஒரு சொல் விடாமல் மலாயில் சொல்லிவிட்டார். "துத்துப் மாத்தா" என்று காதில் விழுந்தபோதே மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது. துத்துப் என்றால் மூடுவது, மாத்தா என்றால் கண். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயய்யோ, அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுங்க!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? லைசன்ஸ் ரத்து. ஒரு வருஷம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்கலாம். அதுவரை ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால் ஜெயில்.

எங்கள் பக்கத்தில் போலீஸ்காரரையும் மாத்தா என்றுதான் சொல்வோம். ஒரு மாத்தாவை மூடி இன்னொரு மாத்தாவிடம் மாட்டியவன் என்று லயத்தில் ஒரு மாசம் சிரித்தார்கள்.

2. பாதி வண்டி

தோட்டத்துக்குள் ஓட்ட லைசன்ஸ் தேவையில்லை, அது கம்பெனி மண். ஆனால் மில் இருந்தது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் இருபது அடித் தார் ரோடு. அந்த இருபது அடியும் அரசாங்கத்துடையது!

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைக் கூப்பிட்டு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "கோவிந்தா, குலை அன்னன்னைக்கு மில்லுக்குப் போயாகணும். ஒன்னால முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கிறேன். நீ பழையபடி குலை வெட்டப் போ."

அந்த டிராக்டர் சீட்டுக்காக ஏழு வருஷம் குலை வெட்டிக் காத்திருந்தவன் நான். அதை விடுவேனா? இருபது அடிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று திருட்டுத்தனமாகக் கடக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் கடந்தேன். நான்காம் நாள், முன் சக்கரம் தாரில் ஏறிய அதே நொடி, மரத்துக்குப் பின்னாலிருந்து போலீஸ் கோப்ரல் ஹசான் வெளியே குதித்தார்.

என்னை மூன்று தடவையும் மடக்கியவர் அவர்தான். தோட்டத்துப் பக்கம் வளர்ந்த மலாய்க்காரர். எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"கோவிந்தன்! அப்படியே நில்லு!"

பிரேக்கை மிதித்தேன். முன் சக்கரங்கள் தாரில், பின் சக்கரங்களும் டிரெய்லரும் செம்மண்ணில். அவர் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"வண்டி கவர்மெண்டு ரோட்டுல இருக்கு" என்றார்.

"பாதிதான் துவான். ஸ்டீரிங் புடிச்ச ஆளு இன்னும் எஸ்டேட்டுலதான் குந்தியிருக்கேன்."

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "வாய் இன்னும் அடங்கலையா ஒனக்கு? ரிவர்ஸ் எடு. அடுத்த தடவ முழு வண்டியும் வரட்டும்லா, முழுக் கேஸா எழுதுறேன்."

நிறைந்த டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். சட்டை பிழிகிற அளவுக்கு வேர்த்துவிட்டது.

3. கிளச்சும் வாயும்

என் மனைவி சரோஜா அதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் லைசன்ஸ் எடுக்குறேன்."

"இருபது அடிக்கா?"

"ஆமா. அந்த இருபது அடிதான ஒன் சீட்டப் புடுங்கப் பாக்குது?"

மண்டோரிடம் கையைக் காலைப் பிடித்து மூன்று மாசத் தவணை வாங்கினேன். மில் டிரைவர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே அதுவரை வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக் கொடுத்தார். வேலை முடிந்து தினமும் தோட்டத்து மண் ரோட்டில் சரோஜாவுக்கு டிராக்டர் பாடம்.

"கிளச்ச மெதுவா விடு!"

"நீ மொதல்ல வாய மெதுவா விடு!"

ஒவ்வொரு முக்கிலும் வண்டியை நிறுத்தி வலது, இடது, திரும்ப வலது என்று பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "யாரு வரப்போறா இங்க? குரங்கா?"

"குரங்கு வந்தா குரங்குக்கும் நிப்பேன்."

கிள்ளானில் டெஸ்ட். முதல் தடவை ஃபெயில், இரண்டாம் தடவை பாஸ்! டிராக்டருக்கு வந்தவர் எங்கே என்று அதிகாரி அவளுக்குப் பின்னால் ஆளைத் தேடினாராம்.

முதல் நாள் அவள் சீட்டில், நான் பக்கத்தில் நடை. வண்டி நடு ரோட்டுக்கு வந்ததும் கோப்ரல் ஹசான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முழு வண்டியும் தாரில் இருந்தது. இதற்காகத்தானே காத்திருந்தார்!

"லைசன்ஸ்!" என்றார், என்னைப் பார்த்து.

"என்னைய ஏன் துவான் கேக்குறீங்க? நான் நடந்துதான போறேன்?"

சரோஜா இடுப்பு முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய லைசன்சை நீட்டினாள். கோப்ரல் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் லோரிகள் ஹார்ன் அடித்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள்.

கோப்ரல் லைசன்சைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் விரித்து ரோட்டையே நிறுத்திவிட்டார்! "போங்கம்மா!"

பஸ்ஸில் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் கைதட்டினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

4. திரும்பி வந்த லைசன்ஸ்

வருஷம் முடிந்தது. மறுபடி டெஸ்ட் எடுத்து என் லைசன்சை வாங்கினேன். டிராக்டருக்கு விபூதி பூசி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தேன். ரோட்டோரம் வந்ததும் சரோஜா வழக்கம்போல ஏற வந்தாள்.

"வேணாம், இன்னிக்கு நானே!"

பழைய பழக்கத்தில் ஒரே அழுத்து. வலதுபக்கம் பார்க்கவே இல்லை. மோட்டார் சைக்கிளில் மீன் விற்க வந்தவர் பிரேக் பிடித்த சத்தம் மட்டும் கேட்டது. அவர் வண்டி வழுக்கிப் புல்லில் போய் விழுந்தது. என் முன் சக்கரத்துக்கும் அவருக்கும் ஒரு முழம்கூட இல்லை. மீன் பெட்டி உடைந்து கெம்போங் மீன் ரோடெல்லாம் சிதறியது.

அவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து நின்றார். உயிருக்கு ஒன்றுமில்லை. நான் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன். சரோஜா ஓடி வந்தாள். குனிந்து மீன்களைப் பொறுக்கினாள். அத்தனை மீனும் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது.

மொழிபெயர்ப்பாளர் ஒரு தப்பும் செய்யவில்லை. பதினோரு வருஷமும் நான் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன். இருபத்து மூன்று பேரை ஏற்றியதும் அப்படித்தான். அவர்களில் சரோஜாவும் இருந்தாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

சீட்டிலிருந்து இறங்கினேன். "நீ எடு சரோஜா."

"லைசன்ஸ்தான் வந்துடுச்சே?"

"வந்துடுச்சு. நீயே எடு."

அந்தத் தோட்டத்தில் இருந்தவரைக்கும் உள்ளே நான் ஓட்டினேன், இருபது அடியை அவள் ஓட்டினாள். மண்டோர் அவள் பேரையும் டிரைவராகப் பதிந்துகொண்டார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கோப்ரல் ஹசான், "லைசன்ஸ் வச்சிக்கிட்டே நடக்குற ஒரே ஆளு நீதான்லா" என்று கிண்டல் அடிப்பார்.

இப்போது வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கோர்ட்டில் வாயை அடக்குங்கள், ரோட்டில் காலை அடக்குங்கள். நான் இரண்டையும் தாமதமாகத்தான் கற்றேன். அப்போதெல்லாம் சரோஜா வண்டியை நிறுத்தி வலது, இடது, திரும்ப வலது பார்ப்பாள். நான் டிரெய்லரைக் கையால் பிடித்தபடி நிற்பேன். பார்த்து முடித்ததும் "வா" என்பாள். அந்தக் குரல் கேட்டபிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு கடப்பேன்.