மாடியில் குழி வெட்டச் சொன்னவர்

எங்கள் தெருவில் போட்ட சாக்கடை வீட்டுத் தரையைவிட ஒரு முழம் உயரம். மழை பெய்தால் அழுக்குத் தண்ணீர் நேராக அண்ணியின் தறிக்குழிக்குள் இறங்கும். குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால்தான் மிதியை மிதிக்க முடியும், நெய்ய முடியும். குழி நிறைந்தால் தறி நிற்கும். அண்ணிக்கு வேறு வேலை தெரியாது.

அந்தச் சாக்கடையின் வரைபட நகலும், வேலையை அளந்து பார்க்க அனுமதியும் கேட்டு, அதைக் கட்டிய உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் தெருக்காரர்களுக்குக் கதை சொல்லாமல் எதையும் கேட்க வராது. குழி, ஈரம், அண்ணியின் மூட்டுவலி எல்லாம் எழுதி, 'ஏன் உயர்த்திக் கட்டினீர்கள்?' என்று முடித்தேன். அந்த 'ஏன்' போதும் அவர்களுக்கு. "இது புகார், தகவல் கோரிக்கை அல்ல, நிராகரிக்கப்படுகிறது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

எதற்காகக் கேட்கிறேன் என்று நான் சொல்லவே தேவையில்லை. மறுப்பவர்கள்தான் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுத வேண்டும். அந்த உள்ளாட்சி அலுவலகத்தில் எதையும் எழுதவில்லை. முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு என்பதை நானே தேடித் தெரிந்துகொண்டு அனுப்பினேன்.

விசாரணைக்குக் கூப்பிட்ட மேல்முறையீட்டு அலுவலர் டீயை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "எதுக்குமா இத்தினி பேப்பரு? மேல ஒரு ரூம் இருக்குதில்ல, தறியத் தூக்கி மாடியில போட்டுக்கினு நெய்யச் சொல்லுங்க."

"குழித்தறி சார் அது. மாடியில குழி வெட்டினா, கீழ சமைக்கிறவங்க தலைமேல கால் தொங்கும்."

பக்கத்திலிருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். பட்டு நெய்து பிழைக்கிற ஊரில் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவருக்குத் தறி எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. இவரிடமா நான் 'பணிவுடன்' என்று எழுதினேன்! அவமானத்தை மறைக்கவோ என்னவோ, நகலைக் கொடுக்கவும் வேலையைக் காட்டவும் அங்கேயே உத்தரவு போட்டார்.

நகல் வரவில்லை. அளக்க ஒரு பொறியாளர் மட்டும் வந்தார், முந்தின நாள் மழை பெய்து குழி தளும்பிக்கொண்டிருந்தபோது. பாலிஷ் போட்ட ஷூவோடு வாசலிலேயே நின்றார்.

"தண்ணி நிக்குதுமா. காஞ்சதும் வந்து அளக்குறேன்."

குழியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "காஞ்சிட்டா எத சார் அளப்பீங்க?"

அந்த ஆள் போனவர் போனவர்தான்.

மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யச் சட்டம் எனக்குத் தொண்ணூறு நாள் தருகிறது. நான் அந்த வாரமே அனுப்பிவிட்டேன். விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. அண்ணி பாதியில் நின்ற கல்யாணப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துவிட்டு, ஐயம்பேட்டையில் வேறொருவர் தறியில் கூலிக்கு உட்கார ஷேர் ஆட்டோ ஏறிப் போகிறார்.