ஜெயராணி டீச்சர் அளந்த வரத்துக்கால்

ஜெயராணி டீச்சரைப் பற்றி நான் எழுத நினைப்பவை:

1. செய்தி வந்தது.
2. அவர் பாடத்திட்டத்தை மீறிக் கண்மாயை அளந்தது.
3. அதற்காக அவரை இடம் மாற்றியது.
4. அஞ்சலிக் கூட்டம்.

போன வியாழக்கிழமை பந்தல்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. "ஜாகிரபி டீச்சர் போயிட்டாக, சார்." ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன். துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார்மீது என்று எனக்கே நிச்சயமில்லை.

அவரும் நானும் ஒரே பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினோம். ஒன்பதாம் வகுப்பில் அவர் கேட்டது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது: "கங்கை எங்க பொறக்குதுன்னா கண்ணை மூடிட்டுச் சொல்றீக. நம்ம கண்மாய்க்குத் தண்ணி எப்படி வரணும்னா முழிக்கிறீக." மறுவாரம் வகுப்பே வெயிலில் இறங்கியது. கொத்தனார் மகள் மாரீஸ்வரி, அப்பா தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயைக் கொண்டுவந்திருந்தாள். "ஏலே, குழாயை மிதிக்காத! நம்ம ஊருக்கு மலை வந்திரும்!" என்று அவள் கத்தியதும் டீச்சரே சிரித்துவிட்டார். மேடுபள்ளம் குறித்துப் பிள்ளைகள் வரைந்த படத்தில், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலான வரத்துக்கால் நடுவே வீட்டுமனைக் கற்கள் நின்றன.

மனைகளைப் போட்டவர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பெரிய ஆள். தலைமையாசிரியர் என்னை அழைத்தார். "நீங்க சீனியர், சார். ஒரே வரி எழுதுங்க. இது பாடத்திட்டத்துல இருக்கா, இல்லையா?" எந்த விடை வேண்டும் என்று புரிந்தது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். டீச்சரைத் திருச்சுழிக்கு அப்பால் தூக்கியடித்தார்கள். புறப்படும் நாளில் படத்தை என் மேசையில் வைத்தார். "ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதியிருக்கீக, சார். இதையும் பத்திரமா வச்சிருங்க." நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

அஞ்சலிக் கூட்டத்தில் அதே மனைக்காரர் மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். "டீச்சர் நம்ம மண்ணை நேசிச்சவுக." எட்டு வருடமாகக் கண்மாயில் சேறுகூட இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. இதைப் படிக்கும் நீங்களும் அங்கே இருந்தீர்கள், ஊர் நண்பர்களே. தலையாட்டினீர்கள்.

வெளியே மாரீஸ்வரி நின்றாள். இப்போது அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் வீட்டின் மருமகள். "சார், வரத்துக்காலைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுக்கோம். படம் உங்ககிட்ட இருக்குன்னு டீச்சர் சொன்னாக. அது பாடமே இல்ல, பிள்ளைக விளையாட்டுன்னு மனைக்காரர் சொல்றாரு. நீங்க எழுதுன வரியத்தான் எல்லார்ட்டயும் காட்டுறாரு."

படத்தைக் கொடுத்துவிட்டேன். டீச்சருடையதாக இனி என்னிடம் இருப்பது, என் எழுத்தைப் பற்றி அவர் சொன்ன அந்த வாக்கியம் மட்டுமே.

மேலே பட்டியலில் இரண்டாவதாக, 'பாடத்திட்டத்தை மீறி' என்று நான் எழுதியது தவறு. நில வரைபடம் ஒன்பதாம் வகுப்புப் பாடம். மனுவோடு சேர்க்க அப்படியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தை நானே பல வருடம் நடத்தியவன். 'இல்லை' என்று எழுதிய அன்றும் எனக்கு அது தெரியும்.