பத்தாம் பாகம்

அந்த வருடங்களில் எனக்குப் புத்தகம் என்றாலே அலுப்பு. டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊத்துக்குளியில் காலை ரயிலைப் பிடித்து, திருப்பூரில் இறங்கி, பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களோடு பஸ்ஸில் இடிபட்டு, வீரபாண்டிப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை, ஒரே அறையில் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பங்கு போட்டுக்கொள்ளும்.

அப்படி இருக்கையில்தான் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "புள்ளைங்களுக்குக் கதைப் புத்தகம் வாங்கோணுமுங்க டீச்சர், நீங்களே பாத்து எடுத்துட்டு வந்துருங்க" என்றார். எங்கள் பிள்ளைகள் படக்கதைகளைத் தாண்டிவிட்டவர்கள். பெரிய புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று: எட்டுப் பக்கத்துக்கு ஒரு அத்தியாயம், பெரிய எழுத்து, அங்கங்கே படம். வகுப்பில் நாற்பது பேர். அதில் ஒருவர்கூட அதுவரை ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடித்ததில்லை. அந்த வருடமாவது முடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. தெம்புதான் இல்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் பொறுக்கினேன். எழுத்து சின்னது, தள்ளு. படம் அதிகம், தள்ளு. முதல் இரண்டு பக்கமும் பின்னட்டையும் படித்துப் பார்ப்பேன். அதற்குமேல் நின்றால் ரயில் போய்விடும். அப்படி எடுத்த நாலைந்தில் ஒன்று, தொலைந்துபோன கழுதைக்குட்டியைத் தேடி ஒரு பையன் ஊர் ஊராகப் போகிற கதை. பத்து அத்தியாயம். ஒரே ஒரு பிரதி.

நாற்பது பேருக்கு ஒரு பிரதியை எப்படிக் கொடுப்பது என்று நான் முழித்தபோது வழி சொன்னவன் ஐந்தாம் வகுப்பு லீடர். "எங்கம்மா கம்பெனியில கை தனியா, கழுத்து தனியா, ஒடம்பு தனியாத்தானுங்க டீச்சர் போகும். நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிருவாங்க. இதையும் அப்புடிப் பிரிச்சரலாமுங்களே?" என்றான். பிளேடை எடுத்துப் புத்தகத்தைப் பத்தாகப் பிரித்தேன். பிள்ளைகள் ஆளுக்கொன்றாக நூலும் அட்டையும் ஸ்டிக்கரும் கொண்டுவந்தார்கள். பத்து மெல்லிய புத்தகங்களாகத் தைத்து, ஒரு பனியன் பெட்டியில் அடுக்கினோம். அவற்றுக்குப் பாகம் என்று பெயர் வைத்ததும் பிள்ளைகள்தான்.

ஒரு சட்டம் போட்டேன். ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் என்ன நடந்தது என்று லீடரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்தது. எனக்கு ஒரு வேலை மிச்சம் என்ற கணக்கில் போட்ட சட்டம் அது.

வகுப்பு மாறிப்போனது. சாப்பாட்டு நேரத்திலும் கழுதைப் பேச்சு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமி எல்லோரையும் முந்திக்கொண்டு பத்தாம் பாகத்தை வாங்கிப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் விசாரித்தால், காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். எங்கள் பள்ளியில் இது புதிதல்ல. அப்பாவுக்குக் கம்பெனி மாறினால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறும். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன்.

ஆனால் ஒன்பதாம் பாகம் முடித்தவர்கள் வரிசையாக நின்றார்கள். "கடைசியில என்னாச்சுங்க டீச்சர்?"

மணி நாலு. தலைவலி. தெரியாது என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. நானே தேர்ந்தெடுத்த புத்தகம், நானே பிரித்துத் தைத்த புத்தகம், எனக்கு முடிவு தெரியாது என்று எப்படிச் சொல்வது? "குட்டி கெடச்சிருச்சு. ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பி வந்து சந்தோஷமா இருந்தாங்க" என்றேன்.

"அப்ப அந்த மணி என்னாச்சுங்க?" என்றான் லீடர்.

என்ன மணி என்று எனக்குத் தெரியாது. "அறுந்து விழுந்துருச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் "சரிங்க டீச்சர்" என்றான். அவர்கள் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்தேன். பார்த்தும் பஸ்ஸைத்தான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சிறுமி வாசலில் வந்து நின்றாள். கையில் பத்தாம் பாகம், ஒரு மூலைகூட மடங்காமல். "கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தோம் டீச்சர். வீடும் மாத்தியாச்சு. சாமானோட இதுவும் சேந்து வந்துட்டு" என்றாள். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அதை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் வகுப்பே எழுந்து, "படி, படி" என்று கத்தியது.

அவள் நடுவில் நின்று படித்தாள். கழுதைக்குட்டி வேறொரு ஊரில் ஒரு குயவர் வீட்டில் இருக்கிறது. வளர்ந்துவிட்டதால் பையனுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டாம் பாகத்தில் அவன் கட்டிவிட்ட மணி கழுத்தில் அசைகிறது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறான். அவர்கள் ஊருக்குத் திரும்பவும் இல்லை. பையனின் அப்பாவும் அம்மாவும் அங்கேயே வேலை தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அவள் முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. நாற்பது தலைகள் மெதுவாக என் பக்கம் திரும்பின. அப்புறம் லீடர் எழுந்து, மற்றவர்களைப் பார்த்து, "டீச்சர் சொன்னது வேற புஸ்தகமாட்ட இருக்குது" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பத்து வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறான். காது மடலெல்லாம் சுட்டது.

"இல்ல கண்ணு. இதே புஸ்தகந்தான். நான் படிக்கவே இல்ல. தெரியாம வாங்கிட்டு வந்து, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றேன்.

லீடர் பெட்டிக்குப் போய், முதல் பாகத்தை எடுத்து, யாரிடம் எந்தப் பாகம் என்று சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் கடைசிப் பெயருக்குக் கீழே "டீச்சர்" என்று எழுதிவிட்டு என்னிடம் நீட்டினான்.

சாயங்கால ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பாகத்தைப் பிரித்தேன். மூன்று பக்கம் போயிருக்கும், கண் சொக்கிவிட்டது. ஊத்துக்குளி வந்ததே பக்கத்து அம்மா தட்டி எழுப்பித்தான் தெரிந்தது.

காலையில் அவன் பெட்டியோடு காத்திருந்தான். நான் கையை நீட்டினேன். அவன் இரண்டாம் பாகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றான். மூன்று பக்கத்தைச் சொன்னேன். அதற்குமேல் போகவில்லை.

"தூங்கிட்டேன் கண்ணு" என்றேன்.

"பரவாயில்லீங்க டீச்சர். நாளைக்கு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினான்.