சைரன்காரரின் காது

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே கையெழுத்துப் போடும்போதுதான் நினைவுக்கு வரும். ஊருக்கு அவர் சைரன்காரர். வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டுவது, அது காரணமில்லாமல் கத்தினால் போய் அமர்த்துவது, கத்த வேண்டிய நேரத்தில் வாய்மூடி இருந்தால் ஏணி போட்டு ஏறி என்ன கோபம் என்று விசாரிப்பது, இதுதான் முப்பத்தோரு வருஷத் தொழில். அந்த வருஷங்களில் அவர் ஏறிய ஏணிப்படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலாவுக்குப் போய் அங்கேயும் ஒரு அலாரம் மாட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருக்கலாம்.

அப்போதெல்லாம் அவர் காது காதா? பாம்புக்குக் கிடைத்திருந்தால் அது கும்பிட்டு வாங்கியிருக்கும். யாராவது போன் செய்து, "பெட்டி என்னமோ கீச்சு கீச்சுங்குது" என்று பதறினால் அவர் செருப்பைக்கூடத் தேடமாட்டார்.

"போனைப் பெட்டிகிட்ட பிடிங்க" என்பார்.

பிடிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"பின்வாசக் கதவு சரியா சாத்தல. நிலையில இருக்கற காந்தமும் கதவுல இருக்கற காந்தமும் விரக்கடை விலகி நிக்குது. போய் ஒரு இடி இடிங்க."

இடித்தால் சத்தம் நின்றுவிடும். அந்த வீட்டுக்காரர் அதற்குப் பிறகு பத்து வீட்டில் போய், சைரன்காரர் போன் கம்பி வழியாக வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார் என்று சொல்லுவார்.

அந்தக் காது ஒரே நாளில் போகவில்லை. புது சைரன் மாட்டி முடித்ததும், வாயில் ஸ்குரூடிரைவரைக் கடித்தபடி, சைரனுக்கும் தன் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் நின்று அடித்துப் பார்ப்பது அவர் பழக்கம். பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இவர் மட்டும் ஏணி உச்சியில் நின்று, தூரத்துப் பாட்டை ரசிப்பவர்போலத் தலையாட்டுவார். காது பொறுத்துப் பார்த்தது. பிறகு மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக மூட்டை கட்டி அனுப்பிவைத்தது.

முதலில் போனது கொசு.

"இந்த ஊர்ல கொசுவே இல்லாம போச்சு பாத்தியா? நகராட்சி நல்லா வேலை செய்யுது" என்றார் ஒரு சாயங்காலம்.

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "உங்க நெத்தியில நாலு உக்காந்திருக்கு. அதுங்கதான் நகராட்சி ஆளுங்களா?"

கொசுவுக்குப் பிறகு கைக்கடிகாரம். அதற்கும் பிறகு, தொழிலுக்கே உயிரான அந்த ஒற்றைக் 'கீச்'. பேட்டரி தீரும் நேரத்தில் ஒவ்வொரு கருவியும் நிமிஷத்துக்கு ஒருதரம் போடுமே, அந்தக் கீச். பேசினால் கேட்கும், கதவைத் தட்டினால் கேட்கும், சைரன் கேட்கும். கீச் மட்டும் கேட்காது. மீன்காரனுக்கு மூக்கடைப்பு வந்தால் யாரிடம் சொல்லுவான்? இவரும் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அவர்கள் கண் சுருங்கினால் இவரும் சுருக்கினார். "ஆமா, வருது வருது" என்றார். பழைய அனுபவத்தை வைத்துத் தோராயமாக எதையாவது மாற்றினால் பத்துக்கு ஒன்பது சரியாகவே அமைந்தது.

பத்தாவதுதான் டீச்சர் வீடு.

தெருக்கோடியில் தனியாக இருந்த அந்த அம்மா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். மீதிப் பாதி அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பதினோரு வருஷமாக அவர் வீட்டுக்கு சைரன்காரரின் பெட்டிதான் காவல்.

"எங்கிருந்தோ கீச்சுன்னு ஒரு சத்தம். நிமிஷத்துக்கு ஒண்ணு. எண்ணிப் பாத்தாச்சு" என்றார் டீச்சர்.

முதல் தடவை போனபோது சைரன்காரர் பெட்டிக்குள் இருந்த பெரிய பேட்டரியை மாற்றினார். "நின்னுடுச்சு டீச்சர்" என்றார். அவர் காதைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அது அங்கே ஆரம்பிக்கவே இல்லை.

மறுநாளே போன். இரண்டாவது தடவை, வாசல் பக்கம் எண் அழுத்தும் பலகையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இப்ப நின்னுடுச்சு." மூன்றாவது தடவை ஆளசைவைக் கண்டுபிடிக்கும் சுவர்க்கண்கள் ஐந்துக்கும் புது பேட்டரி போட்டார். முடித்துவிட்டுத் துணியில் கை துடைக்கும்போது டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டென்று விரலைத் தூக்கினார்.

"இதோ! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டீச்சர். நல்லாவே கேட்டுச்சு. கொஞ்சம் இடது பக்கமா வருது."

"வரவே இல்ல."

"என்னது டீச்சர்?"

"இப்ப சத்தமே வரல. நான் சும்மா கேட்டுப் பாத்தேன்."

முப்பத்தைந்து வருஷம் பிட் அடிப்பவர்களைப் பிடித்த விரல் அது. சைரன்காரர் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"எத்தனை வருஷமா கேக்கல?"

"ரெண்டு மூணு வருஷமா டீச்சர்."

"ரெண்டா, மூணா?"

"நாலு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "காது கேக்கலங்கறதுக்கு எனக்குக் கோபம் இல்ல. வயசானா எனக்குக்கூடத்தான் கண்ணு தெரியல. ஆனா நின்னுடுச்சு நின்னுடுச்சுன்னு மூணு தடவை சொன்னீங்க பாருங்க. இந்தப் பெட்டி முழிச்சிருக்குங்கற தைரியத்துலதான் நான் தனியா படுக்கறேன். அதைப் பாத்துக்கறவர் வாய்ல வந்ததைச் சொன்னா நான் எதை நம்பறது?"

அவர் கழற்றிய பழைய பேட்டரிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார்.

"எம்பொண்ணு புது கம்பெனிக்கு மாறச் சொல்லி வருஷக்கணக்கா பிடுங்கறா. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வரச் சொல்லிடறேன். அதுக்குள்ள அந்தக் கீச் எங்கன்னு கண்டுபிடிச்சா பாக்கலாம்."

டீச்சர் வீடு ஒன்று போனால் ஒன்றோடு போகாது. 'டீச்சரே மாத்திட்டாங்களாம்' என்ற ஒரு வார்த்தை போதும், அந்தத் தெருவின் நாற்பது வீடும் மறுவாரமே அவர் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவருக்கு ஏணி வழக்கத்தைவிடப் பத்து மடங்கு கனத்தது.

"முகத்தைப் பாத்தா முட்டை மார்க் வாங்கின மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"வாங்கிட்டுத்தான் வரேன்."

சொன்னார். பாதி சொல்லும்போதே அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்கு ஆச்சரியமாவே இல்லயா?"

"எனக்கு எப்பவோ தெரியும்."

"எப்ப இருந்து?"

"மிஷின் சக்கரம் ஒரு வாரம் எண்ணெய் இல்லாம கீச்சுக் கீச்சுன்னு அழுதுச்சு. பழைய ஆளா இருந்தா மூணாவது தையலுக்குள்ள எண்ணெய்க் குப்பியோட ஓடி வந்திருப்பீங்க. அந்த வாரம் பூரா பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாலு வருஷம் பாத்தாச்சு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாளைக்கு நானும் வரேன்."

"நீயா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவாங்க? காதை வீட்டுல மறந்துட்டுப் போறவரு, இன்னிக்குக் கையோட கூட்டிட்டு வந்திருக்காருன்னு சொல்லுவாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே பழைய நாளும் வந்தது. கல்யாணமான புதிதில் அவளை எல்லா வேலைக்கும் கூட்டிக்கொண்டு போனவர்தான் அவர். சுவர்க்கண்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஒருவர் பெட்டியருகே நிற்க வேண்டும், ஒருவர் அறை அறையாக நடக்க வேண்டும். இவர் நிற்பார், அவள் நடப்பாள். "ம், திருடி, இப்ப சமையலறைக்கு வா" என்று கூப்பிடுவார். "திருட வந்த எடத்துல ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடுக்க மாட்டேங்கறாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒருநாள் அவள், உடம்புச் சூட்டைப் பார்க்கும் சுவர்க்கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு போர்வையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு மூன்று அறைகளையும் தாண்டிவந்து, சத்தமே இல்லாமல் அவர் தோளைத் தட்டினாள். அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனால் ஒரு மாதம் கண்டவரிடமெல்லாம் பெருமையடித்தார். அப்படி ஒரு திருடி ஏழு கடலுக்கும் இந்தப் பக்கம் கிடையாதாம். பிறகு பிள்ளைகள் வந்தார்கள், அவளுக்குத் தையல் வேலை குவிந்தது, ஒரே ஆள் சோதித்துக்கொள்ளும் பெட்டிகள் வந்தன. எந்த நாளோடு அவள் வருவது நின்றது என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு டீச்சர் கதவைத் திறந்தபோது வாசலில் இரண்டு பேர்.

"இவங்க?"

"என் வீட்டுக்காரி. இன்னிக்குக் கேக்கறது இவங்க வேலை டீச்சர். எனக்குக் கேக்காது. நான் பாக்கறதோட சரி."

வாசற்படியில் வைத்து அதைச் சொல்ல அவருக்கு மூன்று மூச்சு பிடித்தது. டீச்சர் கதவை அகலத் திறந்து வழி விட்டார்.

கூடத்தில் மூவரும் அசையாமல் நின்றார்கள். போட்டோ எடுப்பவன் ஓடிப்போன கல்யாணக் கூட்டம்போல இருந்தது. ஒரு நிமிஷம் ஆனதும் மனைவி கை தூக்கினாள், டீச்சரும் தூக்கினார். ஒருத்தி கிழக்கே காட்டினாள், ஒருத்தர் மேற்கே காட்டினார்.

"அந்தச் சத்தம் அப்படித்தான். எங்கருந்து வருதுன்னு காட்டிக் குடுக்காது" என்றார் சைரன்காரர். நேரே பெட்டியிடம் போனார். மின்சாரத்தைப் பிடுங்கினார். பெரிய பேட்டரியின் கம்பியைக் கழற்றினார். ஐந்து சுவர்க்கண்களையும் திறந்து பேட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். இப்போது அந்த வீட்டின் அலாரத்துக்கு உயிரே இல்லை.

"கேளு."

ஒரு நிமிஷம்.

"கீச்சுன்னுச்சு" என்றாள் அவள்.

"நல்லா கேட்டியா?"

"நல்லா. குண்டூசி மாதிரி."

சைரன்காரர் அப்படியே ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் பெட்டி இல்ல. தனியா பேட்டரி வச்சிருக்கற வேற ஏதோ ஒண்ணு." முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். ஆனால் உயிரை எடுத்த பிறகும் சத்தம் வருகிறதா என்று சொல்ல ஒரு காது வேண்டுமே. அதை யாரிடமும் கேட்காமல்தான் மூன்று நாளும் ஓடியது.

எழுந்து ஒவ்வொரு அறையாகப் போய் அண்ணாந்து பார்த்தார். சமையலறையில் நின்றுவிட்டார். மேலே கூரையில் தட்டளவுக்கு ஒரு வட்டப் பலகை, அதன்மேல் சேர்த்து வெள்ளைப் பெயின்ட். மூன்று தடவை இதன் கீழேதான் நடந்திருக்கிறார். கேட்பதுபோல நடிக்கிற மும்முரத்தில் அவர் கண்ணும் லீவில் இருந்திருக்கிறது.

"டீச்சர், இங்க புகை அலாரம் ஒண்ணு மாட்டியிருந்தேனே, அது எங்க?"

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. கரும்பலகையில் தானே தப்பாகக் கூட்டிவிட்டதை வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டதுபோல.

"போன மாசம் பெயின்ட் அடிச்சாங்க. நான்தான் கழட்டிப் பத்திரமா வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

"அதான் சொன்னேனே, பத்திரமா!"

"பத்திரமா வச்சதெல்லாம் அப்புறம் கிடைக்குமா டீச்சர்?" என்றாள் மனைவி. "எங்க வீட்டுல என் கத்திரிக்கோலை நான் பத்திரமா வச்சு ஆறு வருஷம் ஆச்சு."

டீச்சரின் உதடு ஓரம் கொஞ்சம் இளகியது. அதற்குப் பிறகு தேடலை மனைவி எடுத்துக்கொண்டாள். அலமாரி அலமாரியாகக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். கூடத்து அலமாரியில் இல்லை. புத்தக அலமாரியில் இல்லை. படுக்கையறையில், கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியிடம் குனிந்தவள், "யம்மா!" என்று பின்னால் சாய்ந்தாள்.

பெட்டிக்குள் கம்பளி, கம்பளிக்குள் ஒரு தலையணை உறை, உறைக்குள் அது. யாராவது வந்து மீட்பார்கள் என்று நாள்கணக்காக நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது.

சைரன்காரர் அதன் முதுகைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினார். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நின்னுடுச்சா?"

இருவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். ஒரு நிமிஷம் போனது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இன்னொரு நிமிஷத்தையும் ஓடவிட்டார்.

"நின்னுடுச்சு" என்றார் டீச்சர்.

"நின்னுடுச்சுங்க" என்றாள் மனைவி.

புகை அலாரத்துக்குப் புது பேட்டரி போட்டுக் கூரையில் மாட்டினார். கழற்றிய கம்பிகளை மறுபடி சேர்த்தார். ஒவ்வொரு அறையாக அவரே நடந்தார். வாசல் எண் பலகை 'பிப்' சொல்கிறதா என்று மனைவி நின்று கேட்டுச் சொன்னாள். கூடத்தில் டீச்சர் போனில் பேசுவது காதில் விழுந்தது. அந்த அளவு சத்தமாகத்தான் டீச்சர்கள் பேசுவார்கள்.

"இல்லம்மா, அவங்களை வர வேணாம்னு சொல்லிடு. ஆமா, அதே ஆள்தான். இல்ல, இப்ப ரெண்டு பேரு."

போனை வைத்துவிட்டு வந்தார். "பின்பக்க ஜன்னல் காந்தம் ஆடுது. அடுத்த வாரம் வந்து பாருங்க. ஆனா ஒண்ணு, இவங்களைக் கூட்டிட்டு வரதா இருந்தா வாங்க."

"வராம என்ன டீச்சர்?" என்றாள் மனைவி. "தையல் வேலைன்னா ஒரு எடத்துல உக்காரணும். இதுல ஊர்ல இருக்கற எல்லாக் கட்டிலுக்கு அடியிலயும் பாக்கலாம்."

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஏணியின் முன்முனையை அவர் தோளில் வைத்துக்கொண்டார், பின்முனையை அவள். நடந்துகொண்டே அவர் போனை எடுத்து அடுத்துப் போக வேண்டிய வீட்டின் எண்ணை அழுத்தினார்.

"வணக்கங்க, சைரன்காரர் பேசறேன். வந்துட்டிருக்கோம். ஒரு விஷயம், எனக்கு மெல்லிய சத்தம் காதுல விழாது. கேக்கறதுக்கு என் வீட்டுக்காரி கூட வராங்க. பரவாயில்லயா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. போனைப் பையில் போட்டார்.

"என்னவாம்?" என்றாள் பின்னாலிருந்து.

"பரவாயில்லையாம். சீக்கிரம் வரணுமாம்."

"அப்ப நடையைப் போடுங்க. இருங்க, பின்னாடி சைக்கிள் மணி. ஓரமா வாங்க."

திரும்பிப் பார்க்காமலேயே அவர் ஓரம் ஒதுங்கினார்.