அண்ணன் பிறந்த வருஷம்

எங்கள் நூலகத்தில் புத்தகங்களுக்குப் பதிவு போடுபவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் வருஷக்காரர். ஒரே பெயரில் இரண்டு எழுத்தாளர்கள் வந்துவிட்டால், பிறந்த வருஷத்தைப் பெயரோடு சேர்த்துத்தான் அவர்களைப் பிரிப்பார். அதற்காக முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போன் போடுவார். போலீஸோ என்று பயந்து போனை வைத்தவர்களும் உண்டு. உத்தேசமாக எழுதச் சொன்னால் எரிந்து விழுவார்.

அவருடைய அண்ணன் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அந்த வேலையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். "இதெல்லாம் ஒரு புத்தகமா?" என்று தம்பி கேட்டதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அண்ணன் பெயரிலேயே ஒரு கணிதப் பேராசிரியரும் எழுதியிருந்தார். அண்ணனின் பள்ளிச் சான்றிதழில் வருஷம் தப்பு. சரியானதை அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். ஊரையெல்லாம் கேட்ட வாய், சொந்த அண்ணனிடம் மட்டும் ஊமையாகிவிட்டது. கடிகாரப் புத்தகம் பேராசிரியரின் பதிவிலேயே ஒன்பது வருஷம் கிடந்தது.

அண்ணன் இறந்த பிறகு அண்ணியிடம் கேட்டார். அண்ணி வருஷத்தைச் சொல்லிவிட்டு, "உங்கண்ணன் ஒரு நாள் லைப்ரரி கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்தாராம், தம்பி. 'என் தம்பி என்னை ப்ரொஃபசரோட சேர்த்து வச்சிருக்கான்'னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டாரு" என்றார்.

வருஷக்காரர் வருஷத்தைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் பதிவை இரண்டாகப் பிரித்தார். பேராசிரியருக்குப் பதினோரு புத்தகங்கள் நின்றன. அண்ணனுக்கு ஒன்றே ஒன்று. பெயருக்குப் பக்கத்தில், துளி தப்பில்லாமல், பிறந்ததும் இறந்ததுமாக இரண்டு வருஷங்கள்.