இரண்டாவது நட்டு

எங்கள் கரையில் படகு எஞ்சினுக்கு இரண்டு நட்டுப் போடுவார்கள். முதலாவது எஞ்சினைப் பிடிக்கும். இரண்டாவது, முதலாவது கழலாமல் பிடிக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வாப்பாவின் எஞ்சின் திருத்தும் கடையில் நின்ற காலத்தில் நான் ஒழுங்காகப் படித்த பாடம் அதுதான். கடலுக்குள் ஒரு நட்டுக் கழன்றால் எஞ்சின் தண்ணீருக்குள், ஆள் அலைக்குள். இதை யாரும் எனக்குப் பயங்காட்டிச் சொல்லத் தேவையில்லை. நான் பயத்தோடு பிறந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டால் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் எனக்கு மூச்சு வராது.

வாப்பா மவுத்தான பிறகு கடையும் நின்றுபோனது. காரைதீவில் ஒருவரிடம் வேலைக்குப் போனேன். கல்யாணம், திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கரும் லைட்டும் வாடகைக்குக் கொடுப்பவர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமாக ஒரு பாட்டுக் குழுவும் வைத்திருந்தார். நான் போய் ஆறு வருடத்துக்குப் பிறகுதான் அவர் முழு ட்ரம் செட் ஒன்று வாங்கினார். அதற்கு நான்கு சிம்பல்களை அவருடைய தம்பி கட்டாரிலிருந்து அனுப்பியிருந்தார். பொன் நிறத்தில், ஒவ்வொன்றும் பலர் சுற்றியிருந்து உண்ணும் சோற்றுச் சகன் தட்டு அளவில். அண்ணன் அதைத் துடைப்பதற்கென்றே தனியாக ஒரு துணி வைத்திருந்தார்.

சிம்பல் மாட்டும் ஸ்டாண்ட் எனக்குப் பிடித்துப்போனது. மூன்று கால். ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் குழாய், உயரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். உச்சியில் பல்லுப் பல்லாக ஒரு மூட்டு, அதை இளக்கினால் சிம்பலை எந்தப் பக்கமும் சாய்க்கலாம். அதற்கு மேலே ஒரு கம்பி. கம்பியில் முதலில் ஒரு கம்பளி வட்டம், அதன் மேல் சிம்பல், அதன் மேல் இன்னொரு கம்பளி வட்டம், கடைசியாக விரலால் திருகுகிற, இரண்டு காது வைத்த நட்டு. பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது, முழுக்க இங்கிலீசு. வாசித்துப் பார்த்துப் பூட்டச் சொன்னார் அண்ணன். நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன், வாசித்து முடித்தவன் மாதிரி.

இந்த இடத்தில் என்னுடைய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் பூட்டுவேன், பாட்டுக் கேட்க மாட்டேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் போய்த் தொடங்கினால் அசருக்குப் பிறகு முடித்து, பொழுதுபடும் மஃரிபுக்கு முதல் கல்முனைக்குடி வீட்டுக்கு வந்துவிடுவேன். அடுத்த நாள் விடிந்த பிறகு போய்க் கழற்றி வேனில் ஏற்றுவேன். பாட்டு நடக்கும்போது அங்கே நிற்பதில்லை. வீட்டில் யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. பாட்டு மார்க்கத்துக்கு ஆகாது என்கிற உம்மா கேட்டால் மனசாரப் பதில் சொல்ல எனக்கே ஒரு எல்லை தேவைப்பட்டது. பூட்டுவதோடு என் வேலை முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். அதனால் ஆறு வருடமாக மேடை போட்ட நான், ஒரு மேடையில் ஆள் ஏறி அடித்ததைக் கண்ணால் கண்டதில்லை.

ட்ரம்ஸ் அடிக்கப் பாண்டிருப்பிலிருந்து ஒரு தம்பி வந்தான். என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான். பகலில் நெல்லு மில்லில் மூட்டை தூக்குகிறவன். மில்லிலிருந்து நேரே வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு மேடையில் ஏறுவான். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் போக்குவரத்து ஸ்டாண்டுகளால்தான். நான் வைத்துவிட்டுப் போனதில் அவன் உட்காருவான், அவன் விட்டுவிட்டுப் போனதை நான் கழற்றுவேன்.

கழற்றப் போகும் ஒவ்வொரு காலையும் நான்கு நட்டும் இளகிக் கிடந்தன. கையால் எவ்வளவு இறுக்கினாலும் காலையில் லொட லொட. அடிக்க அடிக்கக் கழல்கிறது என்று முடிவு செய்தேன். அவன் வேண்டுமென்று இளக்குகிறான் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. சிம்பல் கழன்று பறந்து முன்வரிசையில் ஒரு பிள்ளையின் கழுத்தில் விழுவது மாதிரி நினைப்பு வந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போதும் வந்தது. கடைசியில் காது நட்டுகளை எறிந்துவிட்டு, கறள் பிடிக்காத எஞ்சின் நட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு போட்டு, ஸ்பேனரால் இறுக்கினேன். தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

எஞ்சின் நட்டுப் போட்ட அன்றைக்கே, நான் வீட்டுக்குப் போகும் வழியில் அவன் போன் எடுத்தான். நட்டைக் கொஞ்சம் இளக்கி விட முடியுமா, தன்னிடம் ஸ்பேனர் இல்லை என்று கேட்டான். மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிப் பொறுமையாகச் சொன்னேன், இளக்கினால் விழும் தம்பி, பயப்படாமல் அடியுங்கள் என்று. அவனும் என்னை மாதிரிப் பயந்தவன் போல என்று நினைத்தேன். பாவம் என்றுகூட நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் பெரிய சிம்பல் வெடித்தது. ஒரு காலையில் துடைக்கும்போது நான்தான் முதலில் கண்டேன். விளிம்பிலிருந்து உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை மாதிரி ஒரு கோடு.  வேலை போய்விடும் என்பதுதான் முதலில் வந்த எண்ணம். சிம்பலைப் பற்றி எண்ணம் பிறகுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டிலில் குழுவின் பயிற்சி. வெடித்த சிம்பலை அண்ணன் எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்க வைத்தார். பிறகு அவனைப் பார்த்து, "மனே, இது சிம்பல். நெல்லு மூட்டையில்ல," என்றார். சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, நட்டுக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது என்று தொடங்கினான். முடிக்கவில்லை. நான் குறுக்கே விழுந்தேன்.

"நான் பூட்டக்குள்ள நல்லாத்தான் இருந்த."

அது பொய்யில்லை. பொய்யில்லாத வார்த்தையால் ஒரு ஆளை இப்படித் தள்ளிவிடலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இல்லை, அன்றைக்கும் தெரியவில்லை. அவன் சாட்டுச் சொல்கிறான் என்றுதான் உண்மையாக நம்பினேன். ஆறு வருடக்காரன் சொல்லுக்கு முன்னால் சில மாதக்காரன் சொல் எடுபடவில்லை. அவனுக்குப் பதிலாகக் குச்சியால் தட்டும் கரண்ட் பேட் ஒன்றை வைத்து அடிக்க வேறொருவர் வந்தார். ட்ரம் செட் கொட்டிலில் படங்குக்குக் கீழே போனது.

பிறகு ஒரு பின்னேரம் லைட் பார்க்கிற ஆளுக்குக் காய்ச்சல். நின்றே ஆக வேண்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். வேனுக்குப் பின்னால் பாய் விரித்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து சுவிட்ச் பெட்டியடியில் நின்றேன். வெளியூர்க் குழு ஒன்று, சொந்தச் சாமான்களோடு வந்திருந்தார்கள். அவர்களுடைய ட்ரம்ஸ்காரர் சிம்பலில் ஒரு அடி வைத்தார். சிம்பல் ஆடியது. நங்கூரம் போட்ட தோணி அலையில் ஏறி இறங்குகிற மாதிரி சாய்ந்து நிமிர்ந்தது. விழப்போகிறது என்று சுவிட்ச் பெட்டியை விட்டு ஒரு எட்டு முன்னால் வைத்தேன். விழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஆடியது, ஒவ்வொரு அடியையும் அந்த ஆட்டத்திலேயே கரைத்துவிட்டது. மேலே இருந்த நட்டு கம்பியின் நுனியில் சும்மா தொட்டுக்கொண்டு நின்றது.

நான் செய்து வைத்திருந்தது என்ன என்று அப்போது விளங்கியது. ஆட முடியாமல் கட்டிப்போட்ட தட்டில் அவனை அடிக்க விட்டிருக்கிறேன். அடி போக இடமில்லாமல் தட்டுத்தான் வெடிக்கும்.

ஒரு கிழமை யாரிடமும் சொல்லவில்லை. தொழுகையில் ரக்அத்து எண்ணிக்கை மறந்தது. இரவில் வீட்டுக்காரி என்னவென்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். பிறகு மில்லுக்குப் போனேன். உமித் தூசியில் அவன் கண் இமையெல்லாம் வெள்ளை. மெசினின் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, தவறை ஒத்துக்கொள்வதற்குத் தோதான இடமில்லை. கேட்டுவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

"எனக்குத் தெரியும் காக்கா," என்றான். "ஒரு நாள் நீங்க நிண்டு பார்த்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

மன்னித்துக்கொள்ளும்படி கேட்டேன். அவன் தலைத்துண்டை உதறினான்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன? அண்டைக்குச் சிரிச்ச ஆக்களுக்கு முன்னால சொல்லுங்க. எங்கட ஊர்ல இப்பயும் என்னை மூட்ட எண்டுதான் கூப்பிடுறானுகள்."

வரும் வழியெல்லாம் அண்ணனிடம் தனியாகச் சொன்னால் போதாதா என்று மனம் பேரம் பேசியது. அவன் கேட்டது அதுவல்ல.

அடுத்த ஞாயிறு பயிற்சி தொடங்கும் முதல் கொட்டிலுக்குள் போய் நின்றேன். கையில் கிடைத்த ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றி, பிரித்து, மறுபடியும் சுற்றினேன். பிறகு சொன்னேன். "அண்ணன், அந்தச் சிம்பல் தம்பிட கையால வெடிக்கல்ல. நான் இறுக்கினதால வெடிச்ச. அவன் இளக்கச் சொல்லிக் கேட்டவன். நான் கேக்கல்ல."

 பாட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். காக்காவிடம் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டால் மேடையைக் கடலுக்குள்ளேயே போடலாம், அலைக்கும் ஆடாது என்றார். இந்த முறை சிரிப்பு என்னைப் பார்த்து. அது எப்படி இருக்கும் என்று நின்று அனுபவித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். ட்ரம் செட்டை மூடியிருந்த படங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவனுக்குப் போன் எடுத்தார். மெசின் சத்தத்தில் கேட்டிருக்காது, அவன் எடுக்கவில்லை. பின்னேரம் அவர் மோட்டார் சைக்கிளில் பாண்டிருப்புக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவன் திரும்ப வந்தான். மூன்று சிம்பலோடு அடிக்கிறான். வந்த முதல் நாளே ஸ்பேனரை வாங்கி என் நட்டுகளைக் கழற்றிவிட்டு, தான் கொண்டுவந்த காது நட்டுகளைப் போட்டான். கோபமாகச் செய்யவில்லை. சிம்பலைத் தான் பூட்டிக்கொள்வதாகவும், ஸ்டாண்டின் காலையும் மிதிகட்டையையும் நான் பார்த்தால் போதும் என்றும் சொன்னான். சரி என்றேன்.

நான் இப்போதும் மஃரிபுக்கு முதல் வந்துவிடுகிறேன். போன கிழமை திருக்கோவில் பக்கம் ஒரு நிகழ்ச்சி. மில்லில் வேலை கூட, அவன் வரப் பிந்தியது. ஸ்டாண்டுகள் சிம்பல் இல்லாமல் மொட்டையாக நின்றன. சிம்பல்கள் பைக்குள் என் காலடியில். பூட்டுவதற்குக் கை போனது, பூட்டவில்லை. ஏன் அரைகுறையாகக் கிடக்கிறது என்று திருவிழாக்காரர் ஒருவர் கேட்டார். அது ட்ரம்ஸ்காரருடைய வேலை என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். வழி நெடுக மனம் அங்கேயே நின்றது. அக்கரைப்பற்றில் வண்டியை நிறுத்தி, வந்துவிட்டானா, பூட்டினானா என்று கேட்கப் போனைக் கையில் எடுத்தேன். அவனுடைய இலக்கம் வரை போய்விட்டு, திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.